நான் சொல்லாத சாட்சியம்

1

இன்றோடு நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்து ஐந்து வருடம். கமலா காலையிலேயே பாயாசம் காய்ச்சிவிட்டாள். இரண்டு வாய் குடிப்பதற்குள் தபாலில் தடித்த புத்தகம் ஒன்று வந்து சேர்ந்தது. சேட்டு, துவாய், சப்பாத்து என்று உடுக்கிற, காலில் போடுகிற சாமான்களெல்லாம் வெளிநாட்டிலிருந்து எவ்வளவு உள்ளே வரலாம் என்று ஆராய அரசாங்கம் வைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை. சாட்சி சொன்ன ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி இலவசமாம். பின்னாலிருந்த சாட்சிகளின் பட்டியலில் என் பெயரைத் தேடினேன். எழுத்துப் பிழையோடு இருந்தது. அதில் காட்டிய பக்கத்தைப் புரட்டினேன்.

"இலங்கையிலிருந்து வந்த சாட்சி ஒருவர், தமது நாட்டு மக்கள் ஒரு கிண்ணம் சோற்றுக்கு நாள் முழுதும் உழைப்பார்கள் என்றும், அதிலேயே மனநிறைவு கொள்வார்கள் என்றும் உறுதிப்படுத்தினார்."

அந்தச் சாட்சி நான்தான். ஆனால் அந்த வார்த்தைகளை நான் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்று விசாரணையில் அத்தனை பேருக்கு முன்னால் மறுத்தவனும் நான்தான்.

பாயாசம் ஆறி ஆடை படிந்துவிட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் புத்தகத்தைக் குப்பை வாளிக்குள் எறியப் போனேன். கமலா பறித்து வைத்துக்கொண்டாள். ஊரில் இதை வாசிக்கிற உங்களுக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். இங்கே சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்க ஆளில்லை.

2

நான் ஒன்றும் எல்லாக் கதவையும் திறந்துவிடு என்று பேசுகிற ஆள் இல்லை. கொழும்பில் இறக்குமதி அனுமதி கொடுக்கும் கந்தோரில் கிளாக்கராக இருந்தவன். கொடுக்கும் கந்தோர் என்பது பெயருக்குத்தான். நான் அங்கே செய்ததெல்லாம் 'அனுமதி இல்லை' என்ற முத்திரையைக் குத்தியதுதான். அந்நியச் செலாவணி இல்லாத காலம். வெளியிலிருந்து எதுவும் வராது. பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை. கொழும்பில் சனம் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டே வரிசையில் நின்றது.

அதே காலத்தில் வடக்கே கோண்டாவிலில் என் மச்சான் செல்லத்துரை நிமிர்ந்தார். கமலாவின் தமையன். வெளியிலிருந்து செத்தல் மிளகாயும் வெங்காயமும் வராததால் அவருடைய தோட்டத்து மிளகாய்க்கு ராச மரியாதை. வாசலில் லொறி காத்து நிற்கும். கல்வீடு கட்டினார், உழவு இயந்திரம் வாங்கினார், மகள் வசந்தியை நல்ல பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நான் குத்துகிற முத்திரையில்தான் தன் மிளகாய் சிவக்கிறது என்று என்னைப் பகிடி பண்ணுவார். எனக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

அதே முத்திரையால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டிய ஆய்வுகூடச் சாமான்களையும் மறித்தேன். அதிபர் நேரிலே வந்து கெஞ்சினார். சட்டம் என்றேன். அவர் என் மேசையிலிருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகம் இன்னும் மறக்கவில்லை. காவல் போடுகிறவனுக்கு யாரைக் காக்கிறோம் என்று தெரிந்திருக்கும். யாரை வெளியே நிறுத்துகிறோம் என்று அவன் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

நாங்கள் இங்கே வந்து மூன்று வருடத்தில் அங்கே ஆட்சி மாறி, கதவு திறந்தது. கப்பலில் மிளகாய் வந்து குவிந்தது. மச்சானின் விறாந்தையில் மிளகாய் மூட்டைகள் கூரை வரை அடுக்கியபடி கிடந்தன. வாங்க நாதியில்லை. உழவு இயந்திரம் போயிற்று. படிப்பை நிறுத்திவிட்டு வசந்தி கொழும்புக்குப் போனாள். வெள்ளவத்தையில் பெரியம்மா வீட்டில் தங்கி, ஏற்றுமதிக்குச் சேட்டுத் தைக்கும் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் பகுதியில் சேர்ந்தாள். தகப்பனை விழுத்திய அதே திறந்த கதவுதான் மகளுக்கு வேலை கொடுத்தது.

அவள் எனக்கு எழுதிய கடிதத்தில் ஒரு சங்கதி இருந்தது. "மாமா, ஒவ்வொரு பெட்டிக்குள்ளையும் எத்தினை சேட்டு, என்ன அளவு எண்டு அரைத்தாளிலை எழுதி வைக்கவேணும். கைப்பழக்கத்திலை மேலை பிள்ளையார் சுழி போட்டிட்டன். மேற்பார்வையாளர் இதென்ன எண்டு கேட்டார். 'சரி பார்த்தாச்சு' எண்டதுக்கு அடையாளம் எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எங்கடை பகுதியிலை எல்லாரும் போடினம்."

வாசித்துவிட்டுச் சிரித்தோம்.

3

இங்கே எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் வந்த காலம், ஆட்களை நிறம் பார்த்து உள்ளே விடுகிற வழக்கத்தை இந்த நாடு அப்போதுதான் கைவிட்டிருந்தது. எங்களை உள்ளே விடத் தொடங்கிய கையோடு எங்கள் நாட்டுச் சட்டைகளை வெளியே நிறுத்தத் தொடங்கிவிட்டார்கள். அதற்கும் ஒரு காரணம் உண்டு. நாங்கள் வருவதற்கு முந்திய வருடம் இறக்குமதி வரியை ஒரேயடியாகக் கால்வாசி குறைத்திருந்தார்கள். வெளிச் சாமான் வெள்ளமாக வந்து, தையல் தொழிற்சாலைகள் வரிசையாகப் படுத்தன. பிறகு பயந்துபோய், இன்ன சாமான் இவ்வளவுதான் வரலாம் என்று குவோட்டா வைத்தார்கள்.

பிரன்ஸ்விக்கில் ஒரு சேட்டுத் தொழிற்சாலையில் கமலா அப்போது கொலர் தைத்தாள். நான் அங்கேயே களஞ்சியத்தில் கணக்குப் பார்க்கிறேன். கொழும்புக் கந்தோர் அனுபவத்தை இங்கே ஒருவனும் மதிக்கவில்லை. சான்றிதழ்களை மூன்று கந்தோருக்குக் கொண்டு திரிந்தேன். மூன்றாவது இடத்தில் இருந்தவன், இப்படி ஒரு உத்தியோகம் உலகத்தில் இருக்கிறதா என்று கேட்டான். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

போன வருடம், குவோட்டாவை எடுக்கலாமா வைத்திருக்கலாமா என்று விசாரணை வந்தது. எடுத்தால் எங்கள் தையல் தளம் மூடப்படும் என்று முதலாளி கூட்டம் போட்டுச் சொன்னார். தொழிற்சங்கப் பிரதிநிதி மோரினும் அதையே சொன்னாள். மோரின் கமலாவுக்குப் பக்கத்து மெசின்காரி. இருபது வருடமாகச் சேட்டின் கைப்பட்டி தைத்தவள், நேர்மையான மனுசி. "நீ ஆசியாக்காரன், இறக்குமதிக் கந்தோரில் இருந்தவன். நீ சொன்னால் கேட்பார்கள். கமலாவின் வேலைக்காகச் சொல்லு" என்றாள். நான் சம்மதித்தேன். மச்சான் மிளகாய் மூட்டைகளோடு இருந்த கோலம் மனதில் இருந்தது. கதவைத் திறந்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளியின் செயலாளர் ஒரு காகிதத்தைக் கையில் தந்தாள். தட்டச்சுச் செய்த என் சாட்சியம். நான் இன்னும் வாயே திறக்கவில்லை, அதற்குள் என் வாக்குமூலம் தயார். கீழே என் பெயரும் இருந்தது. அதில்தான் அந்தக் கிண்ணம் சோறு இருந்தது.

கிண்ணம்! நாங்கள் எந்தக் காலத்தில் கிண்ணத்தில் சோறு தின்றோம்? எந்தப் படத்தில் எந்த நாட்டுக்காரனைப் பார்த்துவிட்டு எழுதினார்களோ. மனநிறைவாம். சம்பளம் போதாது என்று கொழும்பில் நடந்த வேலைநிறுத்தங்களில் பாதி என் கந்தோர் வாசலாலேதான் போயின.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை நாராயணன் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். மதராஸ்காரர், கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிப்பிக்கிறார். காகிதத்தை வாசித்துவிட்டு மேசையில் போட்டார்.

"அசிங்கம் சார். ஆனா அடிப்படையே தப்பு. குவோட்டாவால லாபம் யாருக்கு? முதலாளிக்கு. நஷ்டம்? சட்டை வாங்குற ஏழைக்கு. கதவைத் திறந்து விட்டா உங்க வசந்தி மாதிரி நூறு பொண்ணுங்களுக்கு அங்க வேலை கிடைக்கும்."

"அந்தக் கதவைத் திறந்துதான் அவளின்ரை தகப்பன் விழுந்தவர்" என்றேன்.

"அது இடைக்காலக் கஷ்டம். மிளகாயை விட்டுட்டு வேற பயிருக்கு மாறணும்."

"ஆர் மாறுறது? நீங்களோ? உங்கடை கதிரையிலை இருந்து அரைவாசிச் சம்பளத்துக்குப் படிப்பிக்க ஒருத்தன் கப்பலிலை வந்து இறங்கட்டும். அண்டைக்கு வந்து இந்தக் கதையைச் சொல்லுங்கோ."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உலகத்தில் எல்லோருடைய வேலையையும் போட்டிக்கு விடலாம், தன்னுடையதை மட்டும் விடமுடியாது என்று இருக்கிறவர்கள்தான் இந்தத் தத்துவத்தைப் பேசுகிறார்கள். ஆனாலும் போகும்போது அவர் ஒன்று சொன்னார். "இறக்குமதி பண்ற அந்த குவோட்டா அனுமதி யார் கையில இருக்குன்னு விசாரிச்சுப் பாருங்க சார். பாதி, தைக்கிற கம்பெனிக்காரங்க கையிலதான் இருக்கும்." அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

குசினியில் கமலா கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள்.

"நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டேன்.

"நான் மெசினை விட்டு எழும்ப ஏலாது. வீட்டு வாடகையை ஆர் கட்டுறது? வசந்தியும் எழும்ப ஏலாது. அண்ணை வீட்டிலை அடுப்பு எரியவேணும். எனக்கும் வேலை வேணும், அவளுக்கும் வேணும். உவங்கள் ரெண்டிலை ஒண்டைச் சொல்லு எண்டு நிக்கிறாங்கள். ரெண்டும் வேணும் எண்டு சொல்ல உங்கை ஒரு இடமும் இல்லையோ?"

அந்த வருடம் முழுவதும் நான் கேட்ட விவாதங்களில் உருப்படியான கேள்வி அது ஒன்றுதான். நான் வேறாக ஒரு சாட்சியம் எழுதினேன். வரி போடுவதானால் போடுங்கள், ஆனால் அங்கே தைக்கிறவளை இழிவு பண்ணாதீர்கள். அவளும் சம்பளம் கூடக் கேட்கிறாள். வாங்கும்போதே அவளுக்கு நியாயமான விலை கொடுக்கச் சட்டம் போடுங்கள், அப்போது அவளும் என் மனைவியும் ஒருத்தி கழுத்தை ஒருத்தி அறுக்கத் தேவையில்லை. இதுதான் சாரம்.

ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லி மகள் சுமதியிடம் கொடுத்தேன். பதின்மூன்று வயது. வந்த புதிதில் தமிழில் கதைத்துக் காது கிழிய வைத்தவள், இப்போது நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில்தான் பதில். பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டுக் கேட்டாள்: "டாட், இதிலை 'வீ' எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஹூ இஸ் வீ? வீ ஹியர், ஓர் வீ தேர்?"

அவளாகத் தமிழில் தொடங்கிய வசனம் என்று சந்தோசப்படவும் முடியவில்லை. 'நாங்கள்' என்றால் இரண்டு பக்கமும்தான் என்றேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அழகான கையெழுத்தில் எழுதித் தந்தாள்.

5

திங்கட்கிழமை மழை. ஃபுட்ஸ்கிரேயில் கொம்பனி வாடகைக்கு வைத்திருந்த ஒரு கொட்டகை ஒழுகுகிறது என்று, அங்கேயிருந்த பெட்டிகளை லொறியில் கொண்டுவந்து என் களஞ்சியத்தில் இறக்கினார்கள். அப்படி ஒரு கொட்டகை இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நனைந்த பெட்டி ஒன்றைப் பிரித்தேன். உள்ளே தைத்து மடித்த சேட்டுகள். மேலே ஓர் அரைத்தாள். அளவும் எண்ணிக்கையும் எழுதி, தலைப்பில் பிள்ளையார் சுழி.

இன்னொரு பெட்டி. சுழி. இன்னொன்று. அங்கேயும் சுழி. கையெழுத்துகள் வேறு வேறாக இருந்தன. அதில் ஒன்று வசந்தியுடையதா என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். சேட்டின் கொலருக்குள் இலங்கையில் தைத்தது என்று சின்னதாக எழுதியிருந்தது, அது போதும்.

மலிவுச் சட்டை வந்து எங்களைக் கொல்கிறது என்று கண்ணீர் விட்ட முதலாளிதான் அந்தச் சட்டைகளைக் கொண்டுவருகிறார். குவோட்டா அவர் கையில். வேறு யாரும் கொண்டுவர முடியாது என்பதால் வைத்ததுதான் விலை. இங்கே கொண்டுவந்து கொம்பனிப் பெட்டிக்கு மாற்றி விற்கிறார்கள். அந்தப் பெட்டியில் எங்கே தைத்தது என்று இல்லை. கங்காரு ஒன்று துள்ளிக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

மோரினைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் அதிர்ச்சி அடையவில்லை. அதுதான் என்னை இன்னும் கொதிக்க வைத்தது.

"எல்லாருக்கும் தெரியும்" என்றாள். "அந்த லாபம் இருக்கிறதால்தான் தையல் தளத்தையும் மூடாமல் வைத்திருக்கிறார் என்று நினைக்கிறேன். கிளறாதே. கமலாவை நினை."

கமலாவை நினைத்தேன். அன்று முழுவதும் அதைத்தான் நினைத்தேன். சாட்சி சொல்லவேண்டிய புதன்கிழமை ஒரு சேட்டையும் ஓர் அரைத்தாளையும் சுமதி எழுதிய கடதாசியோடு பைக்குள் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். கமலா வாசலில் என் கழுத்துப்பட்டியைச் சரிபண்ணினாள்.

"என்ரை வேலை போனாலும் போகட்டும். அந்தக் கிண்ணத்தை மட்டும் வாசியாதேங்கோ" என்றாள்.

6

நகரத்தில் பெரிய மண்டபம். குழுவின் தலைவர் மரியாதையான மனிதர். "உங்கள் சாட்சியம் ஏழு பிரதிகளாக எங்களிடம் இருக்கிறது. அதை வாசித்ததாக எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார்.

"இல்லை. அது நான் எழுதியதில்லை. அதை நான் வாசிக்க மாட்டேன்" என்றேன்.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. நான் என் கடதாசியை விரித்து வாசிக்கத் தொடங்கினேன். சுருக்கெழுத்து மெசினில் இருந்த பெண், இரண்டு வரியோடு தலைவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை லேசாக ஆட்டினார். அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் பேசிக்கொண்டே இருந்தேன். அவள் கைகள் மடியிலேயே இருந்தன. சேட்டை எடுத்துக் காட்டினேன், அரைத்தாளைக் காட்டினேன், இவை எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தவை என்று சொன்னேன். ஒருவரும் என்னை இடைமறிக்கவில்லை. முடித்த பிறகு தலைவர் நன்றி சொன்னார். புதிய சமர்ப்பணங்கள் தட்டச்சுச் செய்து, ஏழு பிரதிகளில், பதினான்கு நாள் முன்னதாகக் கிடைத்திருக்க வேண்டும், ஆகவே இதைப் பதிவில் சேர்க்க வழியில்லை என்றார். நான் அந்தக் காகிதத்தைக் காணுமுன்பே இங்கே வந்து சேர்ந்த பிரதிகள் பதிவில் இருக்கின்றனவாம்.

கொழும்பில் அந்த அதிபரிடம் நான் சொன்னதும் இதேபோலத்தான். சட்டம்.

வெளியே முதலாளி நின்றார். வேலையை விட்டு நிற்பாட்டுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கள் வந்ததே போதும்" என்றார். அந்தக் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். தட்டிவிடவில்லை. அதற்காக என்மேல் எனக்கு வருகிற கோபம்தான் எல்லாவற்றிலும் பெரிது.

7

பிறகு நடந்தது சின்னக் கதை. குவோட்டா தொடர்ந்தது. தொழிலைக் காப்பாற்றிவிட்டோம் என்று முதலாளி கேக் வெட்டினார். மூன்றாம் மாதம் தையல் தளத்தில் பாதியை மூடினார். மெசின்களைக் கழற்றிய இடத்தில் இப்போது பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன. தைத்து விற்பதைவிட, கொண்டுவந்து விற்பதில்தான் லாபமாம். மோரினை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது வருடத்துக்கு ஒரு கைக்கடிகாரம் கொடுத்தார்கள். கமலாவுக்கு வேலை இருக்கிறது. கொலர் தைப்பதில்லை. வெளியிலிருந்து வந்த பெட்டியைப் பிரித்து, சேட்டுகளைக் கங்காருப் பெட்டிக்கு மாற்றுகிறாள். வசந்திக்கும் வேலை இருக்கிறது, சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை என்று எழுதியிருக்கிறாள். அங்கே அவள் அடுக்குகிறாள், இங்கே அவள் மாமி பிரிக்கிறாள். நடுவில் நிற்கிறவனைக் காப்பாற்றத்தான் இத்தனை பேர் மண்டபத்தில் கூடி விவாதித்தோம்.

இன்று அறிக்கை வந்ததும் குழுவின் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தேன். என் பெயரில் உள்ள வசனத்தை நீக்கவேண்டும் என்றேன். ஒரு பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சமர்ப்பித்தவர் எழுத்தில் கேட்டால் மட்டுமே திருத்த முடியும் என்றாள். சமர்ப்பித்தவர் யார் என்று கேட்டேன். கொம்பனி என்றாள்.

தொலைபேசியை வைத்துவிட்டு நான் கத்திய கத்தலில் சுமதி அறையிலிருந்து ஓடிவந்தாள். கமலா மட்டும் எழும்பிப் போய், பிஸ்கட் தகரம் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். உள்ளே அரைத்தாள்கள். பெட்டிகளைப் பிரிக்கும்போது வருகிறவை. சுழி போட்ட காகிதத்தைக் காலில் மிதிபட விடக்கூடாது என்று ஒவ்வொரு நாளும் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எனக்கு இது தெரியாது.

"பின்பக்கம் வெறுமையாத்தான் கிடக்கு" என்றாள். "இதிலை எழுதுங்கோ. அவங்கள் பதியாட்டில் எங்கடை ஊர்ப் பத்திரிகை பதியும். என்ரை பேரையும் போடுங்கோ."

அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வழக்கமாகச் சுழி போடாமல் நான் எதையும் எழுதத் தொடங்குவதில்லை. இன்றைக்குப் போடவில்லை. மறுபக்கத்தில் அந்தப் பிள்ளைகள் போட்டிருக்கிறார்கள்.

வசந்தி, இந்தப் பத்திரிகை உன் கையில் கிடைத்தால் தகப்பனுக்கும் வாசித்துக் காட்டு. அந்தப் புத்தகத்தில் இருப்பதை உன் மாமா சொல்லவில்லை.